ஆரோக்கியமேரி கழுவிய குடுவை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் நடுவில் எங்காவது நான் புத்திசாலிபோலத் தெரிந்துவிடும் அபாயம் இருக்கிறது. நான்கு மாத காலம், நம் நாட்டில் எவரும் செய்யாத ஒன்றைச் செய்துவிட்டதாக நம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அதை நான் செய்யவில்லை. யார் செய்தார்கள் என்றும் எனக்குத் தெரியாது. தெரியாமலேயே மூன்று அறிக்கை எழுதினேன். ‘நான்’ என்று போட்டால் அடக்கமில்லாதவன் என்பார்களே என்று மூன்றிலும் ‘நாங்கள்’ என்று போட்டேன். அந்த ‘நாங்கள்’ முழுக்க நான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தேன்.

மருந்தாக்க ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டீர்கள். வெற்றிக் கதைதான் வேண்டும் என்றால் ஓய்வுபெற்ற வேறு யாரையாவது பிடியுங்கள். ஆளுக்கு ஒரு கூடை வைத்திருப்பார்கள், இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டும் இருப்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு குடுவைக் கதை.

எண்பதுகளின் பிற்பகுதி. காரிமங்கலத்தைத் தாண்டி, கிருஷ்ணகிரி போகும் சாலையை ஒட்டி எங்கள் கம்பெனி இருந்தது. பின்தங்கிய மாவட்டம் என்று அரசாங்கம் சொன்னதும் சலுகைக்காக ஓடிவந்த கம்பெனிகளில் அதுவும் ஒன்று. தலைமையகம் பம்பாயில். சலுகைக்கான விண்ணப்பத்தில் ‘ஆய்வுக்கூடம்’ என்று ஒரு வரி இருந்ததால் ஆய்வுக்கூடம் ஒன்றைக் கட்டினார்கள். கட்டிய பிறகு, உள்ளே யாராவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று என்னை வைத்தார்கள்.

வேலை இதுதான். ஒரு பாலிமர் சங்கிலி. அதன் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்குப் பிடிக்காது. அதையும் மருந்தையும் அசிட்டோனில் கரைத்துத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், பிடிக்காத முனைகளெல்லாம் உள்பக்கம் திரும்பி ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும், பிடித்த முனைகள் வெளியே காவல் நிற்கும். கல்யாண மண்டபத்தில் ஒரே கட்சிக்காரர்கள் யாரும் சொல்லாமலே நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார்ந்துவிடுவார்களே, அப்படி. மருந்து அந்த வட்டத்துக்குள் சிக்கிக்கொள்ளும். உடம்புக்குள் போனபின் மெல்ல மெல்லக் கசியும். தினமும் ஊசி போட்டுக்கொள்கிற நோயாளிக்கு வாரத்துக்கு ஒன்று போதும். மருந்தின் பெயர் வேண்டாம். அதன் மேல் ஒரு தப்பும் இல்லை.

நீங்கள் இதை நானோ என்கிறீர்கள். அந்தச் சொல்லைப் பெயரில் சேர்த்தால் இப்போது நிதி கிடைக்கிறதாம், சந்தோஷம். எங்களிடம் அந்தச் சொல் இல்லை. துகள் நன்றாக அமைந்தால் தண்ணீர் லேசான நீலம் பாய்ந்த வெள்ளையாக மாறும். அதற்குப் ‘பால்’ என்று பெயர். அமையாவிட்டால் கட்டிகட்டியாக அடியில் உட்காரும். அது ‘தயிர்’. உங்களிடம் துகளை அளக்கக் கருவி இருக்கிறது. என்னிடம் ஒரு டார்ச் லைட் இருந்தது. குடுவையை ஸ்டோர் ரூமுக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச் அடித்தால், பாலுக்குள் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரியும். நான் அடிக்கடி ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதைப் பற்றிக் கேன்டீனில் வேறு மாதிரிப் பேச்சு இருந்தது.

முதல் இரண்டு மாதம் தயிர்தான். அப்புறம் ஒரு திங்கட்கிழமை பால் வந்தது. மறுநாளும் வந்தது. அந்த வாரம் கலக்கும் வேகத்தை நான் கொஞ்சம் மாற்றியிருந்தேன். போதாதா? ‘வேகமே இதன் உயிர்’ என்று முதல் அறிக்கை போயிற்று. அடுத்த மாதம் கலக்கும் கருவி ரிப்பேராகி, கண்ணாடிக் கோலால் கையாலேயே கிண்டினேன். அப்போதும் பால். ‘வேகம் அல்ல, வெப்பமே’ என்று இரண்டாவது அறிக்கை. மழை பெய்து அறை குளிர்ந்தது. அப்போதும் பால். ‘இது இந்தப் பாலிமரின் உள்ளார்ந்த பண்பு, வேறெதுவும் சேர்க்காமல் தானாகவே அமைகிறது’ என்று மூன்றாவது. காரணம் தெரியாததை ‘உள்ளார்ந்த பண்பு’ என்று எழுதும் வழக்கம் உங்கள் காலத்திலும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஒரு தொழிலில் சில நுணுக்கங்கள் அழியாமல் இருப்பது ஆறுதல்தான்.

இந்தச் சாதனையைக் கொண்டாட, கூட வேலை செய்தவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போனேன். மீன் வறுவல் ஆயிற்று. பரிசலில் ஏறினோம். ஆற்றின் நடுவில் எனக்கு உற்சாகம் தாங்காமல், எழுந்து நின்று, துகள்கள் எப்படி யாருடைய உதவியும் இல்லாமல் தாமே கூடிக்கொள்கின்றன என்று கைகளை விரித்து விளக்க ஆரம்பித்தேன். பரிசல்காரர் பொறுமையாக ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு, “மொதல்ல உக்காருங்க சார், கவுந்துரும்” என்றார். என் ஆராய்ச்சியைப் பற்றி அதுவரை வந்த மதிப்புரைகளில் சரியானது அது ஒன்றுதான்.

இனி ஆரோக்கியமேரி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் குடுவை, பீக்கர் எல்லாம் கழுவுகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அதனால் அக்கா என்பேன். காரிமங்கலம் பக்கத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்த கத்தோலிக்கக் குடும்பம். மழை பொய்த்த ஒரு வருஷம் நிலத்தை நம்பினது போதும் என்று கம்பெனிக்கு வந்தவர். தினக்கூலி. ஐந்து வருஷம் ஓட்டிவிட்டார், அடுத்த மாதம் நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். கணவருக்குக் கல்குவாரியில் கால் நசுங்கிய பிறகு வீட்டில் சம்பளம் என்று வருவது அவருடையது ஒன்றுதான். இதை அவர் யாரிடமும் புலம்பிச் சொன்னதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுப்பு இல்லாததைப் பார்த்து நாங்களாகத் தெரிந்துகொண்டது.

அவரோடு எனக்கு ஒரு நிரந்தரச் சண்டை இருந்தது, தண்ணீரால். எங்கள் போர்வெல் தண்ணீர் அவ்வளவு உப்பு. கழுவிக் கவிழ்த்த குடுவை காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி நிற்கும். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது என்ன, அது என்ன என்று அவரை ஓயாமல் நச்சரித்தேன். ஒரு கட்டத்தில் புள்ளிகள் மறைந்தன. கத்தினதால் சரியானது என்று நினைத்துக்கொண்டேன். கத்துவதை நிர்வாகத் திறமை என்று நம்பிய காலம் அது.

இந்த நேரத்தில் பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. மூன்றாவது அறிக்கையைப் படித்துவிட்டு, தலைமையகத்து மூத்த வேதியியலாளர் ஒருவர் நேரில் பார்க்க வருகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை. அவருக்குத் திருப்தி என்றால் அதற்கடுத்த வாரமே முயல்களின் காது நரம்பில் என் பால் ஏறும். பிறகு சில மாதங்களில் மனிதர்களுக்கு.

எங்கள் மேலாளர் நல்ல மனிதர். பம்பாய் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் வேர்த்துவிடும். சுவருக்கு வெள்ளையடித்தார், செடிக்குச் செம்மண் பூசினார், அதாவது செடியைச் சுற்றியிருந்த கல்லுக்கு. என் பங்குக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டுமே? ‘கண்ணாடிக் கலன்கள் கழுவும் முறை’ என்று பத்து விதிகள் எழுதிக் கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினேன். சோப்புத் தூள் இவ்வளவு, குழாய்த் தண்ணீரில் ஆறு முறை அலசல், காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசல், வேறெந்தப் பொருளும் பயன்படுத்தலாகாது. கடைசி விதிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

மேரியக்கா தலையைத் தூக்கி, வாய்விட்டுப் பத்தையும் படித்தார். பத்தும் செய்ய வேண்டுமா என்று கேட்டார். பத்தும் என்றேன். சரிங்க என்றார்.

மறுநாள் தயிர் வந்தது.

அதற்கு மறுநாளும் தயிர். பாலிமரை மாற்றினேன், அசிட்டோனை மாற்றினேன், வேகம், வெப்பம், உள்ளார்ந்த பண்பு எல்லாவற்றையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஐந்து முறை கெட்டது. வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் ஒரு மணிக்கொரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

இப்படிப்பட்ட வேளையில் ஒரு படித்த மனிதனின் மூளை எப்படி வேலை செய்யும் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஒரு நாள் உதவும். நான் செய்வது சரி. பாலிமர் சரி, ஏனென்றால் அதைச் செய்ததும் நான். ஆகவே தப்பு என் கையில் இல்லாத ஒன்றில்தான் இருக்க வேண்டும். என் கையில் இல்லாதது எது? கழுவுவது. ஒரு முழு நாள் மேரியக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் கழுவுவதைப் பார்த்தேன். ஆறு என்றால் ஆறு, மூன்று என்றால் மூன்று. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆகவே நான் பார்க்காதபோது ஒழுங்காகக் கழுவுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மெமோ எழுதினேன். ‘ஐந்து முயற்சிகளும் தோற்றதற்குக் காரணம்: கலன் கழுவும் பணியாளரின் அலட்சியம்.’ மேலாளருக்கு உயிர் வந்தது. பம்பாய்க்குக் காட்ட ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் சம்பளப் பட்டியலின் கடைசி வரியில். வெள்ளிக்கிழமையோடு அந்த அம்மாவை நின்றுகொள்ளச் சொல்லிவிடுங்கள் என்றார். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வருகைப் பதிவேடு பார்க்கும் டைம் ஆபீஸ்காரரை விட்டுச் சொல்லச் சொன்னேன். வழியில் அவரைப் பார்க்காமல் இருக்க, இரண்டு நாள் பின்பக்கக் கதவு வழியாகச் சுற்றிப் போனேன். மூன்று அறிக்கை எழுதிய கால்கள்.

வியாழக்கிழமை மத்தியானம், ஸ்டோர் ரூம் அலமாரிக்குப் பின்னால் ஒரு குடுவை கிடைத்தது. விதிகளை ஒட்டுவதற்கு முன்னால் கழுவி எடுத்து வைத்து, மறந்துபோனது. வேறு வழியில்லாமல் அதில் சொட்டினேன். நீலம் பாய்ந்த, அருமையான பால்.

எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? பார்த்தாயா, ஒழுங்காகக் கழுவிய குடுவையில் வருகிறது, என் மெமோ சரிதான்! கையில் குடுவையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனேன். மேரியக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அலசிக்கொண்டிருந்தார்.

“இத எப்பிடிக் கழுவுனீங்க?” என்றேன்.

அவர் திரும்பிக் குடுவையை ஒரு பார்வை பார்த்தார். “அது பழசுங்க. நீங்க காயிதம் ஒட்டறதுக்கு முன்னால கழுவுனது.”

“அதான், எப்பிடி?”

“சோப்புத் தூள் போட்டுட்டு, கடைசியா பூந்திக்கொட்டத் தண்ணி வுட்டுக் கவுத்துருவேங்க. சந்தையில வாங்கி ஊற வெச்சுக்குவேன்.”

பூந்திக்கொட்டை. பட்டுப்புடவைக்கும் நகைக்கும் போட்டு அலசுவார்களே, கையில் தேய்த்தால் நுரை தள்ளும், அது. அதற்குப் பிறகு அலசுவதே இல்லையா என்று கேட்டேன்.

“அலசுனா புள்ளி வுழுவுதுங்களே. நீங்கதான வெள்ள வெள்ளயா இருக்குதுன்னு தெனமும் கத்துனீங்க. அது வுட்டா புள்ளி நிக்கறதில்ல.”

“இப்ப ஏன் அத வுடறதில்ல?”

அவர் ஈரக் கையால் சுவரைக் காட்டினார். பத்தாவது விதி. சிவப்புக் கோடு.

அவரே மேலும் ஒன்று சொன்னார், பேச்சோடு பேச்சாக: “வேணும்னா மிச்சம் இருக்குது, எடுத்துக்குங்க. குட்டையில மட்டும் ஊத்திராதீங்க, மீனெல்லாம் செத்து மெதக்கும்.”

அந்தத் தண்ணீரை ஒரு சின்னப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு வந்தேன். நான்கு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியதை அன்றைக்குச் செய்தேன். பத்து விதிப்படி கழுவிய குடுவை, சொட்டினேன், தயிர். அதே மாதிரிக் குடுவை, உள்ளே பூந்திக்கொட்டைத் தண்ணீர் நாலு சொட்டு, சொட்டினேன், பால். மூன்று தரம் திருப்பிச் செய்தேன். மூன்று தரமும் அதேதான்.

என் பாலிமர் தானாக எதையும் செய்யவில்லை. அதன் தண்ணீர் பிடித்த முனை ஒழுங்காக ஒட்டவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. காவலே இல்லாத அந்தக் கூட்டத்தை ஒன்றோடொன்று மோதாமல் பிடித்து நிறுத்தியது குடுவையில் காய்ந்து ஒட்டியிருந்த நுரைப்பொருள். பால் வர ஆரம்பித்த அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரம்தான் நான் புள்ளிக்காக உச்சக் குரலில் கத்தியது. ஆக, என் ஆராய்ச்சியில் என் பங்களிப்பு என்று ஏதாவது உண்டென்றால், அந்தக் கத்தல்தான்.

மீன் சாகும் என்றாரே, அது மனதில் உறுத்தியது. நூலகம் என்று நாங்கள் அழைத்த இரும்பு பீரோவில் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. பூந்திக்கொட்டையின் நுரைப்பொருள் இரத்தத்தில் நேராகக் கலந்தால் சிவப்பணுக்களை உடைக்கும் என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. நான் பால் பால் என்று கொண்டாடியது நரம்பில் ஏற வேண்டியது.

மேலாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் சொல்லவில்லை, பாதி சொன்னேன். குடுவையில் இருந்த ஏதோ ஒன்றால் பால் வருகிறது, கழுவுபவர் மேல் தப்பில்லை என்றேன். இரத்தம் பற்றிப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

“நாளைக்கு அந்த ஏதோ ஒண்ணு இருக்கற குடுவையில பண்ணுங்க,” என்றார்.

“அந்தம்மா விஷயம் சார்?”

“மெமோ ஃபைலுக்குப் போயாச்சு. அஞ்சு தரம் கெட்டதுக்கு நாளைக்கு வர்றவர் காரணம் கேப்பாரில்ல. அந்தம்மா இல்லன்னா, வேற யாரு பேரப் போடறது?”

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். புதிதாக வெள்ளையடித்த சுவர், நன்றாக இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நெருக்கடி என்றால் குடுவை வெடிப்பதும் மணி அடிப்பதும் என்று நினைத்துக்கொண்டு இத்துறைக்கு வந்திருப்பீர்கள். அப்படி இருந்தால் எளிது, ஓடிவிடலாம். நிஜமான நெருக்கடி, மின்விசிறி சுழலும் அறையில், நல்ல மனிதர் ஒருவர் உங்களை ‘சரி’ என்ற இரண்டெழுத்தைச் சொல்லச் சொல்லுவது. நான் சொன்னேன். சொன்னதற்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை பம்பாய்ப் பெரியவர் வந்தார். பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், பம்பாயில் முப்பது வருஷம். ஒல்லி ஆள், கையில் கட்டம் போட்ட கைக்குட்டை. மாலையை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு நேராக ஆய்வுக்கூடம் எங்கே என்றார். நான் பூந்திக்கொட்டைத் தண்ணீர் விட்டுக் காயவைத்த குடுவையை எடுத்தேன். சொட்டினேன். பால். டார்ச் அடித்தேன். கோடு விழுந்தது. மேலாளர் கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள். பெரியவர் தட்டவில்லை. பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஐந்து தரம் ஏன் கெட்டது என்று கேட்டார். மேலாளர் தயாராக வைத்திருந்த மெமோவை நீட்டினார். பெரியவர் படித்தார். இந்த அம்மா எங்கே என்றார். இன்றோடு நிறுத்தியாகிவிட்டது என்று மேலாளர் பெருமையாகச் சொன்னார்.

பக்கத்து அறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கடைசி நாள் என்று தெரிந்தும் மேரியக்கா கழுவிக்கொண்டிருந்தார். விதிப்படி, வாய்விட்டு எண்ணிக்கொண்டு. “நாலு… அஞ்சு… ஆறு.” பிறகு குழாயை மூடிவிட்டு, காய்ச்சி வடித்த நீரை எடுத்து, மறுபடி ஒன்றிலிருந்து.

வீரம் ஒன்றும் எனக்குள் பொங்கவில்லை. அந்த எண்ணிக்கையைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். மூன்று வந்துவிடப்போகிறது, அதற்குள் ஏதாவது பேசியாக வேண்டும் போலிருந்தது.

“சார், அந்த மெமோ தப்பு,” என்றேன். “எழுதுனது நான். அந்தம்மா நான் எழுதி ஒட்டுன மாதிரியே கழுவுனாங்க. அதனாலதான் கெட்டுது. அதுக்கு முன்னால சரியா வந்ததுதான் தப்பு.”

மேலாளரின் முகம் அவர் அடித்த சுண்ணாம்பின் நிறத்துக்கு வந்தது. பெரியவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லோர் முன்னிலும் செய்துகாட்டினேன். சுத்தமான குடுவை, தயிர். சுத்தமான குடுவையில் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு, பால். அவசரத்தில் நாலு சொட்டு ஆறு சொட்டாகிவிட்டது. பால் இன்னும் நன்றாக வந்தது, சனியன்.

பாட்டிலில் என்ன என்று கேட்டார். சொன்னேன். தடிப் புத்தகத்தில் படித்ததையும் சொன்னேன். அவர் சற்று நேரம் கைக்குட்டையை மடித்தார்.

“இத யாருக்குப் போடறதா இருந்தது?”

“முயலுக்கு சார்.”

“அப்புறம்?”

“மனுஷங்களுக்கு.”

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“நேத்து மத்தியானம்.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேற்று மத்தியானத்திலிருந்து இப்போது வரைக்கும் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடுகிறார் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. மெமோவை மேசைமேல் வைத்து, பேனாவை எடுத்து, ‘கலன் கழுவும் பணியாளரின் அலட்சியம்’ என்பதில் முதல் மூன்று சொற்களை மட்டும் அடித்துவிட்டு, மேலே ‘ஆய்வாளரின்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலட்சியம் அப்படியே இருந்தது. என் பணிக்காலத்தில் என் எழுத்தை இவ்வளவு சிக்கனமாகத் திருத்தியவர் வேறு யாரும் இல்லை.

முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். முயல்கள் பிழைத்தன. பால் நிறுத்தப்பட்டது. மேரியக்காவின் நீக்கம் அங்கேயே ரத்தாகி, அடுத்த மாதம் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறியது. நான் ஒரு வருஷம் மாத்திரை அட்டை கட்டும் பிரிவுக்குப் போனேன். அட்டையில் பத்து மாத்திரை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. பெரும்பாலும் பத்து இருந்தது. ‘உள்ளார்ந்த பண்பு’ என்று எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து அந்தப் பாலிமரை ஒழுங்காகச் செய்து முடிக்க மேலும் சில வருஷம் ஆயிற்று, அது எல்லோருக்கும் இருக்கும் சாதாரணக் கதை.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று ஏதாவது சொல்லியாக வேண்டுமல்லவா? கெட்டுப்போனால் ஏன் என்று கேட்க ஊரே வரும். பம்பாயிலிருந்துகூட வருவார்கள். நன்றாக வந்தால் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கைதான் தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் சத்தத்துக்கு நடுவில் கேட்க வேண்டியது நீங்கள்தான். இன்னொன்று, காரணம் எழுதும் கட்டத்தில் உங்களைவிடச் சம்பளம் குறைந்தவரின் பெயரை எழுதப் போகிறீர்கள் என்றால், பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்தும் அதே பெயர்தான் தோன்றுகிறது என்றால் இன்னொரு டீ.

இவ்வளவு ஞானமும் அன்றைக்கே வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெரியவரின் கார் போனதும், எனக்குள் மெதுவாக ஒரு மிதப்பு ஏறியது. எத்தனை பேர் இப்படி எழுந்து நின்று ஒப்புக்கொள்வார்கள்? நான் ஒரு மாதிரியான மகான்தான் என்று தோன்றியது. அதை யாராவது சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். போனேன். இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தேன். சேதி தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்பதுபோல் தலை அசைந்தது. நன்றி வரவில்லை. சரி, எடுத்துக் கொடுப்போம் என்று நினைத்தேன்.

“உங்களுக்கோசரம் என் வேலையவே பணயம் வெச்சுட்டேங்க்கா,” என்றேன்.

மேரியக்கா குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“மொதல்ல என் வேலையத்தான சார் வெச்சீங்க.”